அலிஸ்டர் மச்சானின் டாங்கியில் நான் அடித்த பச்சை

ரிவர்டன்,
21 பிப்ரவரி 2016, ஞாயிறு

மதிப்புக்கும் பயத்துக்கும் உரிய மச்சான் அலிஸ்டர் அவர்களுக்கு,

தங்கை வீட்டுக்காரன் நெவில் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கை மோரக்கும் மூன்று கோழிகளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். டனீடின் ஆஸ்பத்திரியில் உங்களுக்கு வைத்திருக்கும் புது இடுப்பு மூட்டு, உங்கள் பழைய குணத்தைப் போலவே அசையாமல் நிற்க வேண்டுகிறோம். இந்தக் கடிதத்தைப் படுத்துக்கொண்டே படிக்கவும். ஊன்றுகோல் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் நர்ஸைக் கூப்பிட்டு அடுத்த வார்டில் வைக்கச் சொல்லவும். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போன வாரம் நான்கு தடவை கூப்பிட்டு, நீங்கள் "யாருடா அது?" என்றதும் வைத்துவிட்டது நான்தான்.

விஷயம் உங்கள் மோட்டார் சைக்கிளைப் பற்றியது. திருடு போகவில்லை. தீப்பிடிக்கவில்லை. இரண்டில் ஒன்று நடந்திருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

ஜனவரியில் ஆபரேஷனுக்குக் கிளம்பும்போது வண்டியை என் ஷெட்டில் நிறுத்திவிட்டு, "பெட்ரோல் டாங்கிய மட்டும் வாரத்துக்கு ஒருதரம் தொடச்சு வை நெவில், வேற எதையும் தொடாத" என்று சொல்லிப் போனீர்கள். முதல் வாரம் துடைத்தேன். இரண்டாவது வாரம் துடைக்கும்போது பெயிண்ட் அங்கங்கே வெடித்திருப்பதையும், அடியில் துரு எட்டிப் பார்ப்பதையும், இரண்டு முழங்கால் படும் இடத்திலும் தகரம் வெளுத்துப்போயிருப்பதையும் கண்டேன். பால் தொழிற்சாலை ஆபீஸில் முப்பத்தொன்பது வருஷம் உட்கார்ந்து எழுதிவிட்டு ஓய்வுபெற்றவன் நான். ஓய்வுக்குப் பிறகு தபால் பெட்டிக்குப் பெயிண்ட் அடித்தேன், தள்ளுவண்டிக்கு அடித்தேன், பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். நீங்கள் மட்டும் தபால் பெட்டியைப் பார்த்துவிட்டு, "ஏன், பழசுக்கு என்ன?" என்று கேட்டீர்கள். மச்சான், உள்ளதைச் சொல்கிறேன். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் உங்கள் வாயிலிருந்து "பரவாயில்லையே நெவில்" என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதைக் கேட்டுவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆசை யாரை விட்டது!

டாங்கியைக் கழற்றிப் பெயிண்ட் உரிக்கும் மருந்தைத் தடவினேன். பச்சை உரிந்தது. அடியில் இன்னொரு பச்சை வந்தது, அதில் மெல்லிய தங்கக் கோடு வேறு. அந்தக் காலத்துத் தொழிற்சாலைக்காரர்கள் அடிப்பூச்சுக்குக்கூடத் தங்கக் கோடு இழுத்திருக்கிறார்களே, என்ன சிரத்தை என்று வியந்துகொண்டே அதையும் சுரண்டிப் போட்டேன். உரிந்த மேல்பச்சையில் ஒரு சில்லை எடுத்துக்கொண்டு இன்வர்கார்கில் பெயிண்ட் கடைக்குப் போனேன். அங்கிருந்த பெண் அதை நிறம் பார்க்கும் மெஷினில் காட்டிவிட்டு, "இது வண்டிப் பெயிண்ட் இல்லையே அங்கிள். கதவு, வேலிக்கெல்லாம் அடிக்கிறதுன்னு காட்டுது" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் வருஷத்து வண்டிம்மா. உன் மெஷினுக்கு என்ன வயசு?" என்று கேட்டேன். அவள் ஒரு லிட்டர் கலந்து கொடுத்தாள். டாங்கியைத் துணி காயப்போடும் கம்பியில் தொங்கவிட்டு நாலு பூச்சு அடித்தேன். ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவில் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தேன். நம் ஊர்க் காற்றைத்தான் உங்களுக்குத் தெரியுமே. இரண்டாவது பூச்சில் ஒரு அந்துப்பூச்சியும் மோரக்கின் வெள்ளைத் தலையணை உறை ஒன்றும் ஒட்டிக்கொண்டன. அந்துப்பூச்சியை எடுத்துவிட்டேன். தலையணை உறையைப் புதைத்துவிட்டேன். கடைசியில் டாங்கி எப்படி மின்னியது தெரியுமா மச்சான்? குனிந்தால் என் மூக்கு முடி தெரிந்தது. நன்றாக இறுகட்டும் என்று சுடுதண்ணீர்த் தொட்டி இருக்கும் சூடான அலமாரிக்குள், துண்டுகளுக்கு நடுவில், சாக்குத் துணியால் மூடி வைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் நோலீன் டீ குடிக்க வந்தாள். ஆமாம், உங்கள் பழைய வண்டிகள் சங்கத்தின் நடுவர் நோலீன்தான். நான் சீஸ் ரோலை எடுத்து வைப்பதற்குள் உங்கள் வண்டியைப் பற்றி ஆரம்பித்துவிட்டாள். "அலிஸ்டரோட டாங்கிக்கு இந்த ஜில்லாலயே ஜோடி கிடையாது நெவில். அவங்கப்பா வாங்கின நாள்லேருந்து பிரஷ்ஷே படாத பெயிண்ட். பெட்ரோல் சிந்தித் தங்கக் கோடு அழிஞ்சுபோச்சு பாருங்க, அதுதான் அசலுக்கு அத்தாட்சி. புதுசா பளபளன்னு எவன் வேணா அடிப்பான். அசல் ஒருதரம்தான் வரும். போனா போனதுதான்" என்றாள். என் கையில் இருந்த சீஸ் ரோல் டீயில் விழுந்தது. 'கை வைக்காத வண்டி' பிரிவில் ஆறு வருஷமாக நீங்கள் கோப்பை வாங்குவது எனக்குத் தெரியும். நீங்கள் மேடையில் பெயிண்ட்டைப் பற்றிப் பேசினாலும், கோப்பை எஞ்சினுக்குத்தான் என்று நினைத்திருந்தேன்! மார்ச் பன்னிரண்டாம் தேதி போட்டி என்றாள். ஒவ்வொரு கீறலுக்கும் தன்னிடம் போட்டோ இருக்கிறது என்றாள். பிறகு கை கழுவப் போனவள், "நெவில், துண்டு எங்க வச்சிருக்கீங்க? அலமாரிலதானே?" என்று கேட்டாள். அறுபத்தாறு வயதில் நான் சமையலறையிலிருந்து அலமாரிக்கு ஓடிய வேகத்தை நீங்கள் பார்த்திருந்தால், அதற்காவது பரவாயில்லை என்று சொல்லியிருப்பீர்கள். என் சட்டையைக் கழற்றிக் கையைத் துடைக்கக் கொடுத்தேன். பெயிண்ட் வாசனை வருகிறதே என்றாள். புது சோப்பு என்றேன். அவள் அதன் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு போனாள்.

அன்றிலிருந்து நான் பட்ட பாடு நாய் படாது. அடித்த பெயிண்டை இப்போது பழசாக்க வேண்டும். உங்கள் வீட்டில் கோப்பைகளுக்குப் பக்கத்தில் இருக்கும், நீங்கள் வண்டியோடு நிற்கும் போட்டோவைப் பார்த்துச் சாவிக்கொத்தால் ஒவ்வொரு கீறலாகப் போட்டேன். முடித்த பிறகுதான், போட்டோவில் என் இடது கைப் பக்கம் இருப்பது வண்டிக்கு வலது பக்கம் என்று புரிந்தது. மறுபடி பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து, மறுபடி கீறினேன். டீத்தூளை ஊறவைத்துத் தடவினேன். கோழி எச்சம் பெயிண்டை வெளுக்க வைக்கும் என்று கேள்விப்பட்டுக் கோழிக்கூண்டில் வைத்தேன். சாம்பல் கோழி அதன்மேல் ஏறி அடைகாக்க உட்கார்ந்துவிட்டது. கிட்டே போனால் கொத்துகிறது. மூன்று நாள் கழித்து, டாங்கியை எடுத்துவிட்டுக் கோழிக்கு அடியில் ஒரு பூசணிக்காயை வைத்தேன். இன்னும் அதை அடைகாத்துக்கொண்டிருக்கிறது.

முழங்கால் படும் இடம்தான் சரியாக வரவேயில்லை. உப்புத்தாள் போட்டால் உப்புத்தாள் போட்டது மாதிரியே தெரிகிறது. அதனால் தடித்த கார்டுராய் கால்சட்டையை மாட்டிக்கொண்டு, சோபாக் கைப்பிடியில் டாங்கியைக் கட்டி, அதன்மேல் குதிரை ஏறியதுபோல் உட்கார்ந்து, டிவியில் கிரிக்கெட் ஓட ஓட இரண்டு முழங்காலையும் தேய்த்துக்கொண்டிருந்தேன். நேற்று மத்தியானம் சர்ச் வேலைக்குப் போன மோரக் சீக்கிரமே திரும்பி வந்துவிட்டாள்.

"ஏங்க... என்ன பண்றீங்க?"

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. என் முழங்காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். தலையணை உறைக்குக்கூடத் திட்டவில்லை மச்சான். நேராகப் போய்க் கோழிக்கூண்டுப் பக்கம் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். உங்கள் குடும்பத்தில் யாராவது திட்டாமல் இருந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இதுவரை தெரியாது, ஏனென்றால் இதுவரை அப்படி நடந்ததில்லை. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருக்கிறது.

டாங்கி இப்போது பழசாகவும் இல்லை, புதுசாகவும் இல்லை. உங்கள் அப்பாவின் ஞாபகமாக உங்களிடம் இருந்தது அந்தப் பெயிண்ட் ஒன்றுதான். அதை நான் சுரண்டிச் சாக்கடையில் ஊற்றிவிட்டேன். "எங்கப்பா கை பட்ட பெயிண்ட்" என்று நீங்கள் ஒவ்வொரு வருஷமும் கோப்பையை வாங்கிக்கொண்டு சொல்வதை நான் கூட்டத்தில் நின்று கேட்டிருக்கிறேன். கேட்டவன் செய்திருக்கிறேன் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் அடியுங்கள், வாங்கிக்கொள்கிறேன். பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

உங்கள் இடுப்பு பூரண குணமடையவும், வீடு வரும் வழியெல்லாம் மழையில்லாமல் இருக்கவும், உங்கள் கோபம் வழியிலேயே பாதி இறங்கிவிடவும் ஆண்டவனை வேண்டி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை கணவன், பச்சைக் கறை போகாத கையுடன்,
நெவில்

பின்குறிப்பு: அண்ணே, மோரக் எழுதுறேன். இவர் கடித உறையை ஒட்டுறதுக்கு முன்னாடி புடுங்கிட்டேன். நீ ஆஸ்திரேலியாவுக்கு ஆட்டு மயிர் கத்தரிக்கப் போயிருந்த அந்த ரெண்டு வருஷத்துல, எனக்குப் பன்னெண்டு வயசுல, அப்பா உனக்குக் குடுத்த வண்டிமேல ஏறி விளையாடி, டாங்கி கல்லுல உரசுற மாதிரி வண்டியச் சாய்ச்சுட்டேன். தங்கக் கோடு பாதி உரிஞ்சுபோயிடுச்சு. நீ கொன்னுடுவேன்னு அழுதேன். அப்பாதான் கொல்லைக் கழிவறைக் கதவுக்கு அடிச்சு மிச்சமிருந்த பச்சைய எடுத்து மேல அடிச்சாரு. டீத்தண்ணி தடவினாரு. மத்தியானம் ஆனா டாங்கிமேல ஏறி உக்காந்து, ரேடியோவுல குதிரைப் பந்தயம் கேட்டுக்கிட்டே முழங்காலத் தேய்ச்சாரு. ரெண்டு மாசம்! பெட்ரோல் சிந்திக் கோடு அழிஞ்சுபோச்சுன்னு உன்கிட்டச் சொன்னதும் அவர்தான். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினாரு, அம்பது வருஷம் காப்பாத்திட்டேன். நேத்து இந்த மனுஷன் சோபாவுல உக்காந்திருந்தத பாத்ததும் அப்பாவே வந்து உக்காந்த மாதிரி இருந்துச்சு. அப்பா கை பட்ட பெயிண்ட்டுன்னு நீ சொன்னதுல ஒரு பொய்யும் இல்லண்ணே. இவரைத் திட்டாத. இவர் பட்ட பயமெல்லாம் அன்னிக்கு நான் பட வேண்டியதுன்னு நினைச்சுக்கோ.

மறு பின்குறிப்பு: மச்சான், நெவில். படித்தேன். அப்படியென்றால் நான் அடியில் சுரண்டிய தங்கக் கோடுதான் அசல். அதை நினைத்தால் மறுபடி பயமாக இருக்கிறது. ஆனால் ஆறு கோப்பையும் கழிவறைக் கதவுக்குக் கிடைத்தது என்று நோலீனுக்குத் தெரிந்தால் பயப்பட வேண்டியது நான் மட்டுமில்லை. வியாழக்கிழமை அவள் உங்களைப் பார்க்க டனீடின் வருகிறாளாம். அதற்குள் இந்தக் கடிதத்தை என்ன செய்ய வேண்டுமோ செய்துவிடவும். டின்னில் பாதிப் பெயிண்ட் மிச்சம் இருக்கிறது. மோரக் அதை நம் கழிவறைக் கதவுக்கு அடிக்கச் சொல்கிறாள். நோலீன் டீ குடிக்க வந்தால் அந்தக் கதவைத்தான் திறப்பாள், அந்தப் பச்சை அவள் போட்டோ எடுத்து வைத்திருக்கும் பச்சை. அடிக்கவா, வேண்டாமா, இரண்டு வரி எழுதவும்.