படித்துவிட்டுப் பேசுங்கள்

மூடப் போகிற நூலகத்துக்குக் காலை பத்து மணிக்கே ஆள் வந்து நின்றால் நூலகருக்கு எப்படி இருக்கும்?

"என்ன வேணும்?"

"லைப்ரரிய மூடுற திட்டத்தைப் பத்தின ஃபைல் இங்க இருக்காமே. பாக்கணும் சார்," என்றார் எதிர்க்கடைத் தையல்காரர்.

மூடலாமா என்று முப்பது நாள் மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும், கோப்பு எல்லோர் பார்வைக்கும் இருக்க வேண்டும் என்பது உத்தரவு. நூலகருக்கோ, மூடினால் சொந்த ஊருக்கு மாற்றல் கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அன்றிலிருந்து மனுஷன் தரையில் நடக்கவில்லை. மத்தியான வெயிலில் தூசி மிதப்பதைப் பார்த்தபடியே மனசாலேயே ஊரிலிருக்கும் வீட்டுக்குப் போய்விடுவார். மகள் கதவைத் திறப்பாள். "வந்தாச்சா?" என்பாள் மனைவி. யாராவது நாற்காலியை இழுத்தால், பாவம், திரும்பி வந்துவிடுவார்.

தையல்காரரை விரட்ட ஒரு வழி தோன்றியது. "சும்மா மூடாதீங்கன்னு எழுதினா செல்லாது. முழுசாப் படிச்சு, காரணத்தோட எழுதணும்."

"நியாயம்தான்," என்று அவர் உட்கார்ந்து கடைசிப் பக்கம்வரை படித்தார். மறுநாள் பக்கத்துக் கடை பேக்கரிக்காரம்மாவையும் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

"இருக்கறது ஒரே ஃபைல்," என்றார் நூலகர்.

"ஒருத்தர் வாசிக்கட்டும், மத்தவங்க கேக்கறோம்."

வேலியில் போன ஓணானை வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதையாயிற்று. "மூடணும்னு சொல்றவங்க பக்கமும் யோசிச்சீங்களா? அதுக்குப் பதில் வேணுமே," என்று அடுத்த முட்டுக்கட்டையைப் போட்டார். உடனே பாதிப் பேர் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து வாதாடினார்கள். ஆதாரம் கேட்டார், புத்தகங்களைத் தேடி எடுத்ததில் அலமாரிகள் காலியாயின. இடமில்லை என்றார், வீட்டிலிருந்து நாற்காலிகள் வந்தன. நடுவில் அவருக்குக் கனவு காணக்கூட இடமில்லை.

முப்பதாம் நாள் வந்த அதிகாரி உள்ளே நுழையவே திணறினார். மனுக்களைப் படித்தார், இரண்டு கேள்வி கேட்டார், இருபது பதில் கிடைத்தது. திட்டத்தை ரத்து செய்துவிட்டுப் போனார்.

நூலகருக்கு அழுகையே வந்துவிட்டது. "மாத்தல் வாங்கிட்டு ஊர்ல வீட்டுக்குப் போகலாம்னு இருந்தேன். என் ஆசைல மண்ணைப் போட்டுட்டீங்களே," என்றார் பொதுவாக எல்லோரையும் பார்த்து.

நாற்காலியை மடக்கிக்கொண்டிருந்த பேக்கரிக்காரம்மா நிமிர்ந்தாள்.

"நீங்க அந்த ஃபைலைப் படிக்கவே இல்லையா சார்? மூடினா உங்களுக்கு மாத்தல் இல்ல, வேலையே இல்லன்னுல்ல போட்டிருக்கு. அதைப் படிச்சுட்டுத்தானே நாங்க இத்தனை பேரும் கடையைச் சாத்திட்டு வந்தோம்."