மூன்றரை லிட்டர்

காரின் ஆயில் அளவுக் கம்பியை உருவிப் பார்த்தபோது ஆயில் மேல் கோட்டைத் தாண்டி அரை விரல் ஏறியிருந்தது.

மில்லி சார் அதை ஒப்புக்கொள்ளவில்லை. கம்பியைத் துணியால் நன்றாகத் துடைத்து, என்ஜினுக்குள் கடைசிவரை செருகி, மறுபடி உருவினார். அதே அரை விரல்.

"மாமா, மூன்றரை லிட்டர்தானே ஊத்தினேன்?"

"ஆமா மாப்பிள்ளை. நான் பார்த்துக்கிட்டேதானே இருந்தேன்" என்றார் மாமனார், வாசல் நாற்காலியிலிருந்து.

"புத்தகத்துலயும் மூன்றரைதான் போட்டிருக்கான்."

"புத்தகத்துல போட்டிருந்தா சரியாத்தான் இருக்கும்."

மில்லி சார் எடை அளவு ஆய்வாளர். கடை கடையாக ஏறித் தராசையும் லிட்டரையும் சோதிப்பதும், அளவு குறைந்தால் கடையைப் பூட்டிச் சீல் வைப்பதும் அவர் உத்தியோகம். பத்தொன்பது வருடத்தில் ஒரு மில்லியைக்கூட யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை என்பதால் தெருவில் அவருக்கு அந்தப் பெயர். கூப்பிடுகிறவர்கள் பாராட்டாகத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

காருக்கு ஆயில் மாற்றும் வேலையை அவர் ஆசைப்பட்டு எடுத்துக்கொள்ளவில்லை. போன வருடம் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் ஊற்றிய ஆயிலைத் திரும்ப இறக்கச் சொல்லி அளந்து பார்த்தார். அன்றிலிருந்து அவர் கார் வாசலில் வந்து நின்றாலே எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் ஆள் சாப்பிடப் போயிருந்தான். அதனால் இந்த விடுமுறை நாளில் தானே இறங்கிவிட்டார். பழைய ஆயிலை இறக்கி, ஃபில்டரை மாற்றி, தன் பித்தளை லிட்டரால் புது ஆயிலை அளந்து ஊற்றினார்.

அந்தப் பித்தளை லிட்டர் அரசாங்க முத்திரை பெற்றது. ஆபீசில் விட்டுவைத்தால் யாராவது அதில் தண்ணீர் குடித்துவிடுவார்கள் என்று பெட்டியோடு வீட்டுக்கே கொண்டுவந்து வைத்திருந்தார். பிள்ளைகளைக்கூட அவர் இப்படித் துடைத்து வளர்த்ததில்லை என்பாள் மனைவி.

அவள் அப்போது பையோடு வெளியே வந்தாள்.

"எண்ணெய் வாங்க நாலு தெரு தள்ளிப் போறேன். மூலைக் கடைக்குத்தான் சீல் வெச்சுட்டீங்களே."

"லிட்டருக்கு நாப்பது மில்லி குறையுது. சீல் வைக்காம மாலையா போடுவாங்க?"

"நாப்பது மில்லிக்காக இந்தத் தெருவுல ஒருத்தியும் என்கூடப் பேசறதில்ல. அந்த மனுஷன் மூணு நாளா சாப்பிடாம படுத்திருக்காராம்."

"நாளைக்கு விசாரணை. என் அறிக்கை போனா லைசென்ஸும் போயிடும். அப்புறம் நிம்மதியா எழுந்திரிச்சுச் சாப்பிடட்டும்."

மனைவி பையை வீசிக்கொண்டு நடந்தாள். மில்லி சார் கையேட்டைப் புரட்டினார். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். என்ஜினை ஓடவிட்டு நிறுத்த வேண்டும். நிறுத்திய உடனே பார்க்கக் கூடாது, ஆயில் இன்னும் மேலேயே தங்கியிருக்கும், கம்பி குறைத்துக் காட்டும். பத்து நிமிடம் விட்டால் எல்லாம் கீழே வடிந்து சேரும், அப்போது பார்ப்பதுதான் அளவு. இதையெல்லாம் அவர் வரிக்கு வரி செய்திருந்தார். என்ஜினை நிறுத்திவிட்டு உள்ளே போய், கூடத்துக் கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்து, பத்து நிமிடமும் நொடி முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் வெளியே வந்தார்.

அப்படியானால் தரைதான் கோளாறு. ரசமட்டத்தை எடுத்துவந்து தரையில் வைத்துப் பார்த்தார். குமிழி ஒரு பக்கமாக ஒதுங்கியது.

"தரை சாய்வா இருக்கு மாமா. அதான் கம்பி ஏத்திக் காட்டுது."

"அதானே பார்த்தேன். வீடு கட்டும்போதே எனக்குத் தோணுச்சு மாப்பிள்ளை" என்றார் மாமனார்.

மாமனார் முப்பத்திரண்டு வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பஸ்ஸில் அவர் குரலுக்கு நடத்துனரே நடுங்குவாராம். ஆனால் மகள் வீட்டுக்கு வந்து தங்கிய இந்தப் பதினைந்து நாளில் மாப்பிள்ளை சொன்ன எதையும் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. மாப்பிள்ளை மழை வராது என்றால் நனைந்துகொண்டே ஆமாம் என்பார்.

இருவரும் காரைத் தெருவுக்குத் தள்ளினார்கள். தெருவில் சமமான இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது நட்ட நடுவில் இருந்தது. மில்லி சார் அங்கே நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு, அணைத்துவிட்டுக் கடிகாரத்துக்குப் போனார். பின்னால் மாடிவீட்டுக்காரர் ஹாரன் அடித்தார்.

"பத்து நிமிஷம் பொறுங்க" என்றார் மில்லி சார் ஜன்னல் வழியாக. "ஆயில் வடியணும்."

"சார், நான் வேலைக்குப் போகணும்."

"அளவுன்னா அளவு சார். நடுவுல எடுத்தா எல்லாம் முதல்லேருந்து."

பத்து நிமிடம் கழித்து வந்து கம்பியை உருவினார். ஆயில் ஒரு விரல் ஏறியிருந்தது. சாய்வில் அரை விரல், சமதளத்தில் ஒரு விரல். சமதளம் என்பது காரியத்தைச் சரிசெய்வதற்காகச் சொல்லப்பட்டது என்றுதான் அவர் இதுவரை நம்பியிருந்தார்.

"அதிகமா இருந்தா என்ஜினுக்கு ஆகாது. அரை லிட்டர் இறக்கிடறேன்."

"நீங்க சொன்னா இறக்கிட வேண்டியதுதான்."

மில்லி சார் காருக்கு அடியில் படுத்து, திருகைத் தளர்த்தி, சட்டைக்கும் புருவத்துக்கும் போக மிச்சத்தை லிட்டரில் பிடித்தார். சரியாக அரை லிட்டர். சட்டையைக்கூடப் பிழிந்து சேர்த்திருந்தார். 'ஊற்றியது மூன்றரை, எடுத்தது அரை, இருப்பு மூன்று' என்று நோட்டில் எழுதிக்கொண்டார். என்ஜினை ஓடவிட்டு, நிறுத்தி, உள்ளே போய் உட்கார்ந்தார். இப்போது தெருவில் மூன்று ஹாரன்கள் ஒலித்தன. மனைவி திரும்பி வந்தவள், காலி டின்னையும் கறுத்த கணவனையும் பார்த்துவிட்டுச் சமையலறைக்குள் போனாள்.

பத்து நிமிடம் ஆயிற்று. கம்பியை உருவினார். அதே ஒரு விரல்.

அரை லிட்டர் இறக்கியும் இம்மிகூட இறங்கவில்லை. மில்லி சார் கம்பியைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், தெருவின் இரு முனையையும் பார்த்தார்.

"மாமா, நான் உள்ள இருக்கும்போது யாராவது வண்டிகிட்ட வந்தாங்களா?"

"நான் இங்கயேதானே இருக்கேன் மாப்பிள்ளை. ஒரு ஈ காக்கா வரல."

இனி ஒரே வழிதான் இருந்தது. முழுவதையும் இறக்கி அளந்துவிட வேண்டும். நோட்டின்படி உள்ளே மூன்று லிட்டர் இருக்க வேண்டும். காரை வீட்டுக்குள் தள்ளி, தெருவை விடுவித்து, அடியில் படுத்துத் திருகைக் கழற்றினார். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது லிட்டர் நிறைந்த பிறகும் ஆயில் சாவகாசமாக வந்துகொண்டிருந்தது. கடைசிச் சொட்டு விழும்போது கணக்கு மூன்று லிட்டர் தொள்ளாயிரத்து எண்பது மில்லியில் நின்றது.

இருபது மில்லி உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும். அதை விட்டுவிடலாம். ஆனால் ஒரு முழு லிட்டர் எங்கிருந்து வந்தது?

ஆயில் குட்டி போடாது. கார் பொய் சொல்லாது, அதற்கு வாயில்லை. ஊற்றியதும் இந்தப் பித்தளை லிட்டரால்தான், எடுத்ததும் இதே லிட்டரால்தான். இரண்டும் ஒத்துவரவில்லை என்றால்...

மில்லி சார் துணியைத் தேடி எடுத்தார். லிட்டரைக் கழுவித் துடைத்துக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தார்.

"உன் ஜக்கைக் கொஞ்சம் கொடு."

"எதுக்கு? அதுலயும் ஆயில் ஊத்தவா?"

"தண்ணிதான். அளக்கணும்."

மனைவியின் பிளாஸ்டிக் ஜக், பாதி கோடு அழிந்தது, ஒரு முறை அடுப்போரம் இருந்து இடுப்பு நெளிந்தது. வேறு நாளாக இருந்தால் அதைப் பறிமுதல் செய்திருப்பார். பித்தளை லிட்டர் நிறையத் தண்ணீர் பிடித்து அதில் ஊற்றினார். தண்ணீர் ஒரு லிட்டர் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றது.

"இது சரியான ஜக்குதானா?"

"பதினஞ்சு வருஷமா இதுலதான் அளக்கறேன். ஒரு நாளாவது சாப்பாடு சரியில்லன்னு சொல்லியிருக்கீங்களா?"

சொன்னதில்லை. சொல்லும் துணிச்சல் இருந்ததில்லை என்பது அந்தக் கலவரத்தில் அவருக்கு உறைக்கவில்லை.

அவர் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். இந்த லிட்டரை வைத்துத்தான் வியாழக்கிழமை மூலைக் கடைக்காரனின் எண்ணெயை அளந்தார். கடைக்காரன் கைகூப்பிக்கொண்டு, "சார், உங்க லிட்டரை ஒரு தடவை சரிபார்த்துடுங்களேன்" என்றான். அதற்கு அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு இப்போது நினைவுக்கு வந்து அவரைக் கூச வைத்தது. ஒரு மனிதன் மூன்று நாளாகச் சாப்பிடாமல் கிடக்கிறான். நாளை அவன் பிழைப்பே போகப்போகிறது. அது அவன் குற்றத்தால் அல்ல, தன் பாத்திரத்தின் குற்றத்தால்.

"என்னங்க, ஏன் இப்படி உட்கார்ந்திருக்கீங்க? உடம்புக்கு என்ன?"

"தப்பு பண்ணிட்டேன்" என்றார் மில்லி சார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்த வாக்கியத்தை அவள் முதல் முறையாகக் கேட்டாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

எழுந்து சட்டையைக்கூட மாற்றாமல் மூலைக் கடைக்கு நடந்தார். ஆபீஸ் திறக்கட்டும், லிட்டரை முறையாகச் சோதிக்கலாம் என்று ஒரு யோசனை வரத்தான் செய்தது. ஆபீஸ் பத்து மணிக்குத் திறக்கும், விசாரணை ஒன்பதரைக்கு. தவிர, தப்பு செய்த மனம் தன்னைத் தண்டித்துக்கொள்வதில் காட்டும் அவசரம் வேறு எதிலும் காட்டாது. தெருவில் ஆட்கள் அவரவர் வாசலில் வந்து நின்று அவரைப் பார்த்தார்கள். முகமெல்லாம் கறுப்பாக மில்லி சார் வருவதை அவர்கள் எத்தனையோ முறை வேண்டியிருந்தார்கள்.

கடைக்காரர் கடைக்குப் பின்புறமிருந்த வீட்டில் படுத்திருந்தார். மில்லி சாரைப் பார்த்ததும் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"மறுபடியும் என்ன சார்? வீட்டையுமா?"

"மன்னிச்சிடுங்க. உங்க அளவு சரிதான். என் லிட்டர்தான் தப்பு."

கடைக்காரர் அவருடைய கறுத்த முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு அவசரமாக நம்பினார்.

"எனக்குத் தெரியும் சார். எப்பவாவது உங்களுக்கே தெரியவரும்னு நான் இவகிட்ட சொல்லிக்கிட்டே இருந்தேன்."

"எப்ப சொன்னீங்க?" என்றாள் கடைக்காரரின் மனைவி.

"நீ போய் சாருக்குத் தண்ணி கொண்டா."

மில்லி சார் தன் கையாலேயே சீலை உடைத்தார். அங்கேயே உட்கார்ந்து எழுதினார். தன் அளவுப் பாத்திரத்தின் மேல் தனக்கே நம்பிக்கை இல்லை என்றும், வழக்கை வாபஸ் பெறுவதாகவும், பத்தொன்பது வருடத்தில் அந்தப் பாத்திரத்தால் போட்ட எல்லா வழக்குகளையும் மறுபடி பார்க்க வேண்டும் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒரு பிரதியைக் கடைக்காரரிடம் கொடுத்து, இன்னொன்றைப் போனில் படமெடுத்து மேலதிகாரிக்கு அனுப்பினார். விடுமுறை நாளில் எதற்கும் பதில் சொல்லாத அந்த அதிகாரி, ஒரே நிமிடத்தில் 'ஏற்கப்பட்டது' என்று அனுப்பினார். அவருக்கும் ஒரு மைத்துனர் கடை வைத்திருந்தார்.

திரும்பி நடக்கும்போது மில்லி சாருக்கு வெட்கமாகவும் இருந்தது, விடுதலையாகவும் இருந்தது. மாடிவீட்டுக்காரர் முதல் முறையாக வணக்கம் சொன்னார். மூலைக் கடை வாசலில் அதற்குள் நாலு பேர் பாட்டிலோடு நின்றார்கள். நியாயமாக நடந்துகொண்டால் உடம்பு இவ்வளவு லேசாக இருக்கும் என்று அவருக்கு இதுவரை யாரும் சொல்லவில்லை.

வீட்டு வாசலில் மனைவி காத்திருந்தாள். மாமனார் நாற்காலியில் இருந்தார். மில்லி சார் படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். சீலை உடைத்தது, வாபஸ் எழுதியது, மேலதிகாரி ஏற்றுக்கொண்டது.

"நீங்க நல்ல மனுஷன்தாங்க" என்றாள் மனைவி. அவள் கண் கலங்கியிருந்தது. "எனக்குத்தான் இவ்வளவு நாளா தெரியல."

"எல்லாம் அந்த ஒரு லிட்டராலதான்" என்றார் மில்லி சார். "ஊத்துனதுக்கு மேல ஒரு லிட்டர் கூடுதலா வந்துச்சு பாரு, அது மட்டும் வரலன்னா ஒரு அப்பாவியோட வாழ்க்கையை நாசமாக்கியிருப்பேன்."

மாமனார் தொண்டையைச் செருமினார். நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்து, மகளை ஒரு முறையும் மாப்பிள்ளையை ஒரு முறையும் பார்த்துவிட்டு, பதினைந்து நாளில் முதல் தடவையாகத் தன் சொந்த அபிப்பிராயம் ஒன்றைச் சொன்னார்.

"நீங்க வண்டியை நிறுத்திட்டு உள்ள போன கையோட நான் கம்பியை எடுத்துப் பார்ப்பேன், ஒவ்வொரு தடவையும் கம்மியாவே இருந்துச்சு, உங்ககிட்ட சொன்னா மனசு சங்கடப்படுவீங்களேன்னு நானே ஒரு லிட்டர் பாட்டில் வாங்கி வெச்சுக்கிட்டுக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்திட்டேன் மாப்பிள்ளை."