சாத்த முடியாத ஜன்னல்

திண்டுக்கல் வெயிலையும் எங்கள் வார்டனையும் ஒரே பூவை வைத்து ஜெயித்த ஆள், உலகத்திலேயே எங்கள் ஜன்னல் அக்கா ஒருத்திதான். அவளுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. யாரும் கூப்பிட்டதில்லை.

நாங்கள் இருந்தது வேலைக்குப் போகும் பெண்களுக்கான ஹாஸ்டல். எதிரே டீக்கடை. அங்கே நாலு பையன்கள் நிற்கிறார்கள் என்பதற்காக, ரோட்டுப் பக்கத்து ஜன்னல்களை எந்நேரமும் சாத்தியே வைக்க வேண்டும் என்பது வார்டனின் சட்டம். உள்ளே நாங்கள் இட்லியாக வெந்தோம். நான் முணுமுணுத்ததோடு சரி. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்த அக்காவோ, "வெறிச்சுப் பாக்குறவன் வெளிய காத்து வாங்குறான், சாத்துறது நம்ம ஜன்னலையா?" என்றாள்.

மறுநாள் தெருவில் ஸ்டூல் போட்டு ஏறி, எங்கள் அறை ஜன்னல் கம்பிக்கு வெளியே இரண்டு திராட்சைப் பெட்டிகளைக் கட்டினாள். ஸ்டூலைப் பிடித்தது அந்த டீக்கடைப் பையன்களேதான். "ஏலே, சும்மாதான நிக்கிற, பிடி!"

பெட்டி இருந்தால், வெளிப்பக்கம் திறக்கும் ஜன்னல் கதவைச் சாத்த முடியாது. "நானா தொறந்து வைக்கல மேடம், செடி இருக்கு" என்று வார்டனிடம் பவ்யமாகச் சொன்னாள்.

முதலில் வைத்தது பெட்டூனியா பூச்செடி. குளிரில் வளர்ந்த செல்லப்பிள்ளை, மூன்றாம் நாளே கண்ணை மூடிவிட்டது. அக்கா நர்சரிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

"வெயில் தாங்குமாண்ணே? ரெண்டு நாள் தண்ணி வரலைன்னா கோவிச்சுக்குமா? கீழ தொங்குமா?"

"ஏம்மா, செடி வாங்க வந்தியா, மாப்பிள்ள பாக்க வந்தியா?"

"மாப்பிள்ளன்னா இம்புட்டு கேக்க விடுவாங்களா?"

பத்துமணிப் பூ வந்தது. மண்ணைக் கிள்ளிப் பார்ப்பாள். காய்ந்திருந்தால் மட்டும் ஒரு டம்ளர் தண்ணீர். ஏன் தொங்குகிற செடி என்று கேட்டேன். "நிமிந்து நிக்கிறது இங்கனயே நிக்கும். தொங்குறதுதான்டி தெருவுக்குப் போவும்."

போனது. சிவப்பும் மஞ்சளுமாக இரண்டடிக்கு இறங்கியது. ஒரு நாள் அக்கா கடைக்குப் போன நேரத்தில் வார்டன் ஆளை வைத்துப் பெட்டிகளைக் கழற்றி, தொங்கியதையெல்லாம் கத்திரியால் வெட்டி வாளியில் போட்டு, ஜன்னலையும் சாத்திவிட்டார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

சாயங்காலம் அழுதுகொண்டே சொன்னேன். அக்கா வாளியைப் பார்த்துச் சிரித்தாள். "கழுத, ஒடிச்சு நட்டா ஒவ்வொரு துண்டும் வேர் விடும்டி. வெட்டுனா இன்னும் அடர்த்தியா வரும்."

அன்றைக்கே அறைக்கு நாலு துண்டு விநியோகமானது. தயிர் டப்பா, பெயிண்ட் டப்பா, உடைந்த குளியலறை மக், எல்லாம் கம்பிக்கு வெளியே ஏறின. ஒரே மாதத்தில் ரோட்டுப் பக்கம் சாத்துகிற மாதிரி ஒரு ஜன்னல்கூட இல்லை. கத்திரியோடு வந்த வார்டன் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் தெருவில் நின்றார்.

அக்கா மொட்டை மாடியிலிருந்து கூவினாள். "நல்லா வெட்டுங்க மேடம்! பக்கத்துத் தெருவுலயும் கேக்குறாங்க!"

கத்திரி உள்ளே போனது. சட்டமும் அதோடு போனது.

அதெல்லாம் பழைய கதை. போன வாரம், நான் இப்போது குடியிருக்கும் அபார்ட்மென்ட்டில், ஜன்னலில் செடி வைக்கக் கூடாது என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். இந்தத் தடவை நான் முணுமுணுக்கவில்லை. செயலாளரைக் கூப்பிட்டு, "நல்லா வெட்டுங்க சார், வீட்டுக்கு நாலு துண்டு கொடுக்கணும்" என்று கத்திரியை நானே நீட்டினேன். வாங்காமல் போய்விட்டார்.

அக்கா இப்போது நத்தம் பக்கம் இருக்கிறாள். அவள் ஒடித்துக் கொடுத்த துண்டு என் ஜன்னலில் தொங்குகிறது. காலையில் அது விரியும்போது, எத்தனை வேலை கிடந்தாலும், அதில் அக்காவை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத்தான் நகர்கிறேன்.