ஓமின் விதியும் வெள்ளிக்கிழமைக் கூட்டமும்

இந்த வெள்ளிக்கிழமையும் கூட்டத்தின் நடுவில் மின்சாரம் போனது. திரையில் இருந்த வரைபடம் மறைந்தது. ஏசி ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது. பக்கத்துக் கட்டடத்தில் மட்டும் ரேடியோ பாடிக்கொண்டே இருந்தது.

"எங்கட ட்ரிப் சுவிச்தான் விழுந்திட்டுது சேர்," என்றார் எழுதுவினைஞர் இன்பமலர். "மிச்சத்தை வாற கிழமை பாப்பமே?"

ஓர்ஸ் ஹில்லில் இருந்த அந்த மீனவர் நலன்புரி அலுவலகத்தின் பொறுப்பாளர் பேணாட் பதில் சொல்வதற்குள் பாதிப் பேர் கதிரையை விட்டு எழுந்துவிட்டார்கள்.

பேணாட்டுக்கு மனம் ஆறவில்லை. அடுத்த மாதம் கொழும்பில் இருந்து வரும் பணிப்பாளர் அம்மாவுக்கு இந்தப் படங்களைத்தான் காட்டவேண்டும். வெள்ளிக்கிழமைக் கூட்டங்கள் எல்லாம் அதற்கான ஒத்திகை. அதோடு அவர் உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர். ஒரு சுவிச்சிடம் தோற்க அவருக்கு விருப்பமில்லை.

திங்கட்கிழமை, வயரைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் மீற்றர் ஒன்றோடு வந்து, நேரே குசினிக்குள் போனார். எல்லாரையும் கூப்பிட்டு, தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தலை அளந்து காட்டினார்.

"அழுத்தம் இருநூற்று முப்பது வோல்ட். ஓட்டம் பத்து அம்பியர். பெருக்கினால் வலு, ரெண்டாயிரத்து முந்நூறு வாட்ஸ். வோல்ட்டை அம்பியரால பிரிச்சால் தடை. இருபத்துமூன்று ஓம்."

"ஓம் சேர்," என்று எல்லாரும் ஆமோதித்துத் தலையாட்டினார்கள்.

"நான் கேள்வி கேக்கேல்லை. தடைதான் ஓம்."

"ஓம் சேர், விளங்குது," என்றாள் கடைசியாகச் சேர்ந்த உத்தியோகத்தர் றுஷ்தா. அவள் மூதூர் பஸ்ஸில் போய்வருகிறவள்.

இவ்வளவு வலுவை விழுங்கும் கேத்தல்தான் குற்றவாளி என்று தீர்ப்பானது. அன்றோடு அலுவலகத்தில் தேநீர் நின்றது. வெள்ளிக்கிழமை, கேத்தலை நிறுத்திய காரணத்தைப் பேணாட் புதிய படங்கள் போட்டு விளக்கத் தொடங்கினார். கூட்டம் நீண்டது. மின்சாரம் முந்திய கிழமையை விட வேளைக்கே போய்விட்டது.

அடுத்த பழி ஏசியில் விழுந்தது. அது ஐந்து அம்பியர், நாற்பத்தாறு ஓம். அதையும் நிறுத்தி ஜன்னல்களைத் திறந்துவிட்டார்கள். துறைமுகக் காற்று மேசையில் இருந்த கடதாசிகளை அள்ளிக்கொண்டு போக, வியர்வையும் உப்புமாக எல்லாரும் இருந்து கேட்டார்கள். இரண்டாவது படம் வருவதற்கு முன்பே திரை இருண்டது.

படங்காட்டும் கருவி ஒன்றுதான் அப்போது ஓடியது. அது இழுப்பது ஒரேயொரு அம்பியர். சுவிச்சோ இருபது தாங்கும். பேணாட் கணக்கை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் போட்டுப் பார்த்துவிட்டு, மின்திருத்துநர் ரிஷாத்தைக் கூப்பிட்டார். அவன் சுவிச்சுப் பலகையைக் கழற்றி ஒவ்வொரு வயராகச் சோதித்தான்.

"ஒரு பிழையும் இல்லை சேர்."

"அப்ப பிழை ஓமின் விதியிலயோ?"

"அதை நான் கழட்டிப் பாக்கேல்லை சேர்," என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

விழுந்த சுவிச்சை உடனே தூக்கிவிட ஓர் ஆள் இருந்தால் போதும் என்று பேணாட்டுக்குப் பட்டது. காவலாளி பக்கீர் நானாவுக்குப் பலகைக்குக் கீழே ஒரு கதிரை போட்டுக் கொடுத்தார். அந்த வெள்ளிக்கிழமை பேணாட் வணக்கம் சொல்லி முடிக்கவும் மின்சாரம் போகவும் சரியாக இருந்தது. வீட்டுக்குப் போகும் வழியில், தான் படித்ததெல்லாம் பொய்யோ என்றுகூட அவருக்கு ஒரு கலக்கம் வந்தது.

பணிப்பாளர் அம்மா வந்த நாளில் பேணாட் எல்லாக் கதிரைகளையும் முற்றத்து வேப்பமரத்தின் கீழ் போடச் சொன்னார். திரை இல்லை, கருவி இல்லை, ஒலிவாங்கியும் இல்லை.

"இங்க ஓட்டம் பூச்சியம். பூச்சியத்தை எதால பெருக்கினாலும் பூச்சியம்தான்," என்று அவர் தொடங்கினார். "இண்டைக்கு எங்களை ஒண்டும் நிப்பாட்ட ஏலாது."

ஊழியர்களின் முகங்கள் வாடின. பேணாட் மனம் நிறையப் பேசினார். மரநிழல் நகர்ந்து போய் வெயில் எல்லாருடைய மடியிலும் ஏறியது. கீழே வீதியில் மூதூர் பஸ் போவதை றுஷ்தா கண்ணால் வழியனுப்பினாள். பணிப்பாளர் அம்மா கையில் இருந்த கோப்பால் விசிறத் தொடங்கினார். பேணாட் மூன்றாம் அத்தியாயத்துக்குப் போனார்.

அப்போது கட்டடத்துக்குள் இருந்து பக்கீர் நானா வியர்க்க விறுவிறுக்க வந்தார். இன்பமலரின் கதிரையருகே குனிந்தார். காது கொஞ்சம் மந்தமான மனிதர். இரகசியம் என்று நினைத்து அவர் சொன்னது முன்வரிசை வரைக்கும் கேட்டது.

"தங்கச்சி, நான் ரெண்டு தரம் சுவிச்சை இறக்கிப் பாத்திட்டன். சேர் இன்னும் நிப்பாட்டுறாரில்லையே?"