ஏழாம் பெட்டியும் ஏற்றுமதியாளர் பெயரும்

அன்று அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் ஐவர். என் தம்பி கதிர்காமநாதன், அவன் மனைவி விமலேஸ்வரி, கொழும்பிலிருந்து ரயிலில் கிளிநொச்சிக்கு வந்திறங்கிய சுங்கத் தரகர் யோகநாதன், பெட்டிகளுக்குச் சாக்கு தைக்கும் சுப்பம்மா, நான். சுவரோரம் இருபது பெட்டிகள். அனைத்திலும் மோர்மிளகாய். போகும் ஊர் லண்டன்.

ஆண்டு எண்பத்திரண்டு. நாட்டின் வாசல் வியாபாரத்துக்குத் திறந்துவிட்டதென்று பத்திரிகைகள் எழுதின. தம்பி அதைத் தன் பெயருக்கு வந்த கடிதமாகவே வாசித்தான். மிளகாயைக் கீறியவளும், மோரில் ஊறவைத்தவளும், வெயிலுக்கும் காகத்துக்கும் நடுவே இருபது நாள் நின்றவளும் விமலேஸ்வரி. தம்பி வாயால் கப்பல் ஓட்டினான்.

மேசையில் கிடந்த படிவங்களில் ‘ஏற்றுமதியாளர்’ என்ற இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. ஒரு கிழமையாக அந்த வீட்டில் நடந்த போர் முழுவதும் அந்த இரண்டங்குல நிலத்துக்காகவே.

“அதிலை என்ரை பெயரைப் போட்டால் என்ன குறைஞ்சு போகும்?”

“விமலா, இது சுங்கம். உலை வைக்கிற குசினி இல்லை. துறைமுகத்திலை ஆயிரம் கேள்வி கேப்பாங்கள்.”

“மிளகாய்க்கு உப்பு எவ்வளவெண்டு கேட்டால் என்ன சொல்லுவியள்?”

“அளவா எண்டு சொல்லுவன்.”

யோகநாதன் தொண்டையைச் செருமினார்.

“அண்ணை, விஷயம் சின்னது. பெட்டிக்குள்ளை என்ன இருக்கோ அதுதான் கடதாசியிலையும் இருக்கவேணும். நிறையும் அப்பிடித்தான். கையெழுத்து வைக்கிற ஆள்தான் எல்லாத்துக்கும் பொறுப்பு. வியாபாரப் பதிவும் அந்த ஆளின்ரை பெயரிலைதான். இனி வாற ஓடர் எல்லாம் அந்தப் பெயருக்குத்தான் வரும்.”

“அப்ப நான்தான்” என்று தம்பி கதிரையை முன்னே இழுத்தான்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டுக்கு ஒரு பெட்டி போகிறதென்றால் அதற்குள் உறவினருக்கு ஏதேனும் செருகாமல் அனுப்புவது எங்கள் குடும்பம் அறியாத காரியம். முந்தைய நாள் காலை, தைப்பதற்குச் சற்று முன், ஏழாம் பெட்டிக்குள் தம்பி நாயாற்றுக் கருவாட்டுப் பொட்டலம் ஒன்றைப் புதைத்ததை நான் கண்டேன். லண்டனில் இருக்கும் எங்கள் இளையவன் கனகலிங்கத்துக்காக. பட்டியலில் எழுதாவிட்டால் கருவாடு மணக்காது என்பது அவன் நம்பிக்கை.

விமலேஸ்வரி சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு யோகநாதன் பக்கம் திரும்பினாள்.

“தம்பி, சும்மா ஒரு கதைக்குக் கேக்கிறன். மிளகாய்ப் பெட்டிக்குள்ளை ஒரு கருவாடு கிடந்தால்?”

“ஐயோ அக்கா! இருபதையும் பிரிச்சுக் கொட்டுவாங்கள். தண்டம். பிறகு கொழும்புக்குக் கூப்பிட்டு விசாரணை.”

“ஆரை? கருவாடு வைச்ச ஆளையோ, கையெழுத்து வைச்ச ஆளையோ?”

“கையெழுத்து வைச்ச ஆளைத்தான். கருவாடு வைச்ச ஆளை ஆர் கண்டது?”

நான் கண்டேன். தம்பி ஏழாம் பெட்டியைப் பார்த்தான், படிவத்தைப் பார்த்தான், கூரையையும் பார்த்தான். பிறகு அவன் முகத்தில் ஒரு தியாகியின் ஒளி பரவிற்று.

“விமலா, யோசிச்சுப் பாத்தன். பாடுபட்டது நீர். உம்மடை பெயரே இருக்கட்டும்.”

“ஐயையோ, குசினிக்காரிக்குச் சுங்கம் என்ன தெரியும்?”

“பழகலாம்.”

“பிறகு மாத்தச் சொல்லக்கூடாது.”

“அக்கா முன்னாலை சொல்லுறன். சாகுமட்டும் மாத்தன்!” என்று தம்பி என்னைக் காட்டினான்.

தண்டத்தை மனைவியின் தலையில் ஏற்றிவிட்டு நிமிர்ந்திருந்தவனும் நானும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதை நினைக்க எனக்குக் கூசியது.

அவள் ஏழு இடங்களில் கையெழுத்திட்டாள். அவசரப்படவில்லை. மை காயும்வரை ஊதினாள். பிறகே கணவனை ஏறிட்டுப் பார்த்தாள்.

“இஞ்சேருங்கோ, அந்தப் பெட்டியை நினைச்சு நித்திரையைக் குழப்பாதையுங்கோ. நேற்றுப் பின்னேரமே மணம் பிடிச்சு, சுப்பம்மாவைக் கொண்டு பிரிச்சு, வெளியிலை எடுத்து, திருப்பி நிறை பாத்து, தைச்சாச்சு.”

தம்பி கதிரையை விட்டு எழுந்தான். “அப்ப கருவாடு?”

“மத்தியானம் மூண்டாந்தரமும் குழம்பு கேட்டு வாங்கினியளே.”

“முள்ளைக்கூட விடலைங்களே ஐயா!” என்றாள் சுப்பம்மா.

“நானும் ரெண்டு துண்டு திண்டனான்” என்று ஒப்புக்கொண்டார் யோகநாதன். பிறகு கடைசித் தாளைத் தம்பியின் பக்கம் மெல்லத் திருப்பினார். “அண்ணை, கீழை சாட்சி எண்டு ஒரு இடம் இருக்கு. வீட்டிலை ஆராவது வைச்சால் காணும்.”

தம்பி சாட்சிக் கையெழுத்தை வைத்தான். சால்வையை உதறித் தோளில் போட்டான். படலையைத் திறந்துகொண்டு வெளியே போனான்.