நீட்டுமடக்கு சேருக்கு ஆள் தெரியாது

காரைதீவுச் சந்தியைத் தாண்டி அக்கரைப்பற்றுப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். இடது தோளில் ஒரு துணிப்பை. அதற்குள் ஒரு சாரம், ஒரு சேட்டு, பாதிச் சவர்க்காரம். வலது தோளில் எதையும் மாட்டவில்லை. அது எதையும் தாங்குகிற நிலையில் இல்லை. விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. பின்னால் சைக்கிள் மணி விடாமல் அடித்தது.

"டேய் வலத்தோள்! எங்க போறாய்?"

கல்முனைக் கரையில் என்னை அப்படிக் கூப்பிடக்கூடியவர் ஒருவர்தான். ஊரில் பாதிப் பேரின் கை காலைத் திருத்திவிட்டு, அந்தப் பாதிப் பேரில் ஒருவருடைய முகத்தைக்கூட ஞாபகம் வைத்திராத மனிதர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். அவர்தான் நீட்டுமடக்கு சேர்.

கல்முனை ஆஸ்பத்திரியின் பின்பக்கத்து அறையொன்றின் பலகையில் 'பிசியோதெரபி' என்று எழுதியிருந்தது. எங்கள் ஆட்களின் நாக்கு அதற்கு வளையவில்லை. உள்ளே நடப்பது நீட்டலும் மடக்கலும்தானே! அறை 'நீட்டுமடக்கு' ஆனது. அங்கே இருந்தவர் நீட்டுமடக்கு சேர் ஆனார். காரைதீவு ஆள். நெற்றியில் திருநீறு, மடிப்புக் கலையாத வெள்ளைச் சேட்டு, எலும்பைக்கூடச் சிரிக்க வைக்கும் குரல்.

அவருக்கு ஆட்களின் பெயர் கிடையாது, மூட்டுத்தான் உண்டு. காலையில் அறை வாசலில் நின்று, "கழுத்து, உள்ள வா! ரெண்டு இடுப்பும் வாங்கில குந்துங்க! மணிக்கட்டு எங்க, ஆளைக் காணல்ல?" என்று கூப்பிடுவார். கல்யாண வீடொன்றில் மாப்பிள்ளை வீட்டார் நிறைந்திருந்த பந்தலில் பெண்ணின் வாப்பாவைக் கண்டு, "அட, நம்மட இடுப்பு!" என்று கட்டிப்பிடித்துவிட்டார். மாப்பிள்ளையின் உம்மா எழும்பி நின்று, "ஆருக்குக் கா இடுப்பு ஏலா? பொண்ணுக்கா?" என்று கேட்டாவாம். அந்தக் கல்யாணம் நடந்தது. ஆனால் ஒரு மணித்தியாலம் சுணங்கித்தான் நடந்தது.

இன்னொரு விசேஷம். குணமானவர்களை அவருக்குத் தெரியாது. மூட்டுச் சரியாகிவிட்டால் அந்த ஆள் அவரைப் பொறுத்தவரை இந்த ஊரிலேயே இல்லை. ஆறு மாதம் தினமும் தோளைப் பிடித்துத் திருகிய மனிதரை ஏழாவது மாதம் பஸ்ஸில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "நீங்க எந்த ஊர்?" என்று கேட்பார். முதலில் ஆட்கள் கோபப்பட்டார்கள். பிறகு அதுவே பெருமையாகிவிட்டது. தையற்கார நானா ஒருவர் தேத்தண்ணீர்க் கடைக்குள் பாய்ந்து வந்து, "நேத்து சேருக்குச் சலாம் சொன்னன், ஆர் நீங்க எண்டு கேட்டார்! அல்ஹம்துலில்லாஹ்!" என்று கத்தி, இருந்த எல்லோருக்கும் தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். நானும் குடித்தேன். அன்றைக்கு எனக்கு அதுதான் சாப்பாடு.

நான் ஒலுவிலில் கரைவலை இழுத்தவன், கடலில் வளைத்துப் போட்ட வலையைக் கரையில் நின்று கயிற்றால் இழுக்கிற வேலை. வாடை தொடங்கிக் கடல் கொந்தளித்து வலையைக் கரையில் ஏற்றி வைத்தபோது, என் வலது கையும் நெஞ்சு மட்டத்தோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் உயராது. கை உயராதவனுக்கு எந்தத் தொழிலும் இல்லை. சந்தைக் கட்டட விறாந்தையில் படுத்து, பகலில் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"எண்ணெய் ஏதும் பூச மாட்டீங்களா சேர்?" என்று கேட்டேன்.

"எண்ணெய் மீன் பொரிக்க. நீ சுவரில ஏறு."

சுவரில் விரல்களால் சிலந்தி மாதிரி ஏற வேண்டும். எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போடுவார். அடுத்த நாள் அந்தக் கோட்டைத் தாண்டாமல் வீட்டுக்குப் போக முடியாது. எனக்கு வீடே இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். "அப்ப வசதி. இரவு வரைக்கும் ஏறு" என்றார்.

என் கோட்டுக்குப் பக்கத்தில் துணிக்கடை ஹாஜியார் முழங்காலை மடக்கிக்கொண்டிருப்பார். முந்தின வருடச் சூறாவளியில் கூரை மரம் விழுந்த முழங்கால். கதிரையில் இருந்தே தொழுதுகொண்டிருந்தார். அது அவருக்குப் பெரிய மனக்குறை. சேர் அவருடைய காலை டிகிரிக் கணக்கில் அளக்கமாட்டார். "ருகூஉவுக்குக் குனிய வந்திட்டுது. நெத்தி நிலத்தில முட்ட, சுஜூதுக்கு, இன்னும் நாலு விரல் இரிக்கி" என்பார்.

ஹாஜியார் வியந்துபோய்க் கேட்டார். "நீங்க எங்கட மார்க்கம் படிச்ச நீங்களா சேர்?"

"நான் முழங்கால் படிச்சன் ஹாஜியார். ஒங்கட மார்க்கத்தில முழங்காலுக்கு வேலை கூட."

நான் எப்போதும் அங்கேயே கிடந்ததால் சேர் என்னையும் வேலைக்குப் பிடித்துக்கொண்டார். அந்த அறையில் இரண்டு இரும்புக் குழாய்கள் சமாந்தரமாக நட்டிருந்தன. அவற்றைப் பிடித்துக்கொண்டு நஸீறா நடந்து வருவாள். மறு முனையில் நான் குந்தியிருந்து அவளைக் கூப்பிட வேண்டும். அதுதான் வேலை.

நஸீறா சாய்ந்தமருதில் ஒரு தோணிக்காரரின் மகள், ஆறு வயது. மாதம் முந்திப் பிறந்தவள். இரண்டு காலும் விறைத்து, கத்தரிக்கோல் போல ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு நிற்கும். குதிக்கால் நிலத்தில் படவே படாது, விரல் நுனியில்தான் எல்லாம். அவளுடைய உம்மா தினமும் இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வருவா. சேர் பிள்ளைக்கு வைத்த பெயர் 'குதிக்கால்'.

அந்த அறையில் சேரை எதிர்த்துக் கதைத்தது அவள் மட்டும்தான்.

"எனக்குப் பேர் இரிக்கி. நஸீறா!"

"நீ எனக்குக் குதிக்கால்தான்."

"நான் நடந்தாப் புறகு நீங்க என்னைத் தெரியா எண்டுவீங்களாம். எல்லாரும் சொல்றாங்க."

"ஓம். தெரியாதுதான்."

"அப்ப நான் சத்தமாச் சொல்லுவன், நான்தான் நஸீறா எண்டு."

"சொல்லு பாப்பம்."

அந்த உம்மாவுக்கு ஒரே ஓர் ஆசை. மகளின் பெயர் பள்ளிக்கூட இடாப்பில் ஏற வேண்டும். தலைமை ஆசிரியர் கெட்ட மனிதர் அல்ல. ஆனால் நிபந்தனையைத் தெளிவாகச் சொல்லியிருந்தார். "கேற்றில இருந்து வகுப்புக்குத் தானா நடந்து வந்து குந்தட்டும், பதியிறன். தூக்கிட்டு வாற புள்ளய எடுக்க ஏலா ராத்தா. இடையில தூக்க எனக்கு ஆளில்ல."

ஜனவரி பிறந்தபோது நஸீறா இரண்டு தடிகளை ஊன்றிக்கொண்டு ஆஸ்பத்திரி விறாந்தையின் சீமெந்துத் தரையில் இருபது அடி நடந்தாள். சேர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எல்லோரையும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனார். கேற்றைத் திறந்தார்கள். தடி முதல் ஊன்றலிலேயே ஒரு சாண் உள்ளே போனது. மூன்றாவது அடியில் பிள்ளை முகம் குப்புற விழுந்தாள்.

மண்! எங்கள் கரை முழுவதும் மண். வீட்டு முற்றம் மண், பள்ளி முற்றம் மண், ஒழுங்கை எல்லாம் மண். இந்தக் கரையிலேயே பிறந்து வளர்ந்த மனிதர், பிள்ளையைச் சீமெந்தில் நடக்கப் பழக்கியிருக்கிறார். அத்தனை பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை, எனக்கும்தான்.

"மாசம் முடியுமட்டும் இடாப்பு திறந்திரிக்கி" என்றார் தலைமை ஆசிரியர். உம்மா பிள்ளையின் வாயில் இருந்த மண்ணைத் துடைத்தா. சேர் கேற்றடியில் குந்தினார். தன் சப்பாத்தைக் கழற்றி, அதற்குள் இருந்த மண்ணைக் கொட்டி, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தோற்ற இடத்தில் நின்று எனக்குப் பழக்கமில்லை. அக்கரைப்பற்றில் லொறி கழுவ ஆள் தேடுகிறார்கள் என்று கேள்வி. அடுத்த நாள் விடியவே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். அப்போதுதான் காரைதீவில் அந்தச் சைக்கிள் மணி.

"போறதெண்டாப் போ" என்றார் சேர், சைக்கிளில் இருந்து இறங்காமல். "ஒண்டு சொல்லிப்போட்டுப் போ. கரைவலை இழுக்கக்குள்ள மண்ணில எப்பிடி நிண்டாய்?"

"குதிக்காலைப் புதைச்சி நிண்டன் சேர். விரலில நிண்டா கயிறு ஆளையே இழுத்துக்கொண்டு போயிரும்."

சேர் நடுரோட்டில் அப்படியே நின்றார். பின்னால் வந்த பஸ் ஹோர்ன் அடித்தது. அவர் நகரவில்லை.

"ஏறு சைக்கிள்ல."

"லொறி வேலை சேர்..."

"லொறிக்கு நாலு சக்கரம் இரிக்கி, அது தானாப் போகும். நீ மிதி. வலக் கையால பிடி." சொல்லிவிட்டு அவர் பின்னால் குந்திக்கொண்டார். சாய்ந்தமருதுக் கடற்கரை வரை நான்தான் மிதித்தேன்.

கடலுக்குப் போக முடியாத காலம், ஆகவே நஸீறாவின் வாப்பா வீட்டில் இருந்தார். ஈர மண்ணில் ஒரு குழி வெட்டச் சொன்னார் சேர். பிள்ளையை அதற்குள் நிற்க வைத்து, குதிக்கால் இரண்டையும் கீழே அமர்த்தி, முழங்காலுக்கு மேல் வரை மண்ணை இறுக்கினோம். முன்னால் ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்து, அவள் விளையாட வலையின் மிதப்புக் கட்டைகளை அதன்மேல் வைத்தோம்.

நஸீறா இரண்டு கைகளையும் தூக்கினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "உம்மா, நான் ஒண்டையும் பிடிக்காம நிக்கிறன்!"

அதற்குள் ஊர் கூடிவிட்டது. ஒரு மாமி தலையில் அடித்துக்கொண்டா. "என்டல்லாஹ்! உசிரோட புள்ளயப் புதைக்கானுகள்! இது என்ன சேர், மையித்தா?"

"மையித்தைப் படுக்க வைச்சித்தானே புதைப்பீங்க? இது நிக்குது, வடிவாப் பாருங்க."

கதை பெரிய தெருவரைக்கும் போய்விட்டது. தூரத்தில் ஒருவர் தொப்பி பறக்க, சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "விடுங்கடா புள்ளய!" என்று மண்ணில் புழுதி கிளப்பி ஓடி வந்தார். துணிக்கடை ஹாஜியார்! குழிக்குப் பத்தடி இருக்கும்போது சடாரென்று நின்றார். தன் முழங்காலைப் பார்த்தார். வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். பிள்ளை, குழி எல்லாம் மறந்துபோனது. கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தார்.

"பாத்த நீங்களா? நான் ஓடி வந்த! கடையில இருந்து ஓடி வந்த!"

சேர் நிமிர்ந்து, கண்ணைச் சுருக்கி அவரைப் பார்த்தார். "ஆர் இந்த மனிசன்? நம்மட பக்கத்து ஆள் இல்லப்போல."

ஹாஜியார் அந்த மண்ணிலேயே விழுந்து சுஜூது செய்தார். நெற்றி நிலத்தில் முட்டியது. நாலு விரல் இடைவெளியைக் காணவில்லை. அதற்குப் பிறகு குழி வெட்ட வேண்டாம் என்று சொல்ல அந்தக் கடற்கரையில் ஒருவரும் இருக்கவில்லை.

தினமும் குழி, பிறகு ஈர மண்ணில் நடை. தடிகள் புதையாமல் இருக்க நான் அவற்றின் அடியில் மிதப்புக் கட்டைகளை அறைந்தேன். அவள் நடந்த பின் சேர் குனிந்து தடங்களைப் பார்ப்பார். சீமெந்தில் தெரியாதது மண்ணில் தெரிந்தது. முதல் நாட்களில் விரல் அடையாளம் மட்டும், குருவி நடந்தது போல. மூன்றாவது கிழமை ஒரு தடத்தின் பின்பக்கத்தில் சின்னதாக, வட்டமாக ஒரு பள்ளம்.

சேர் முழந்தாளிட்டார். விரலை வைத்து ஆழம் பார்த்தார். நாயோ ஆளோ மிதித்துவிடாமல் அதன்மேல் ஒரு மீன் கூடையைக் கவிழ்த்தார். "குதிக்காலோட உம்மாவைக் கூட்டி வா. கெதியா!" உம்மா கஞ்சிப் பானையை அடுப்பில் விட்டுவிட்டு வந்தா. சேர் கூடையைத் தூக்கிக் காட்டினார். அந்தப் பள்ளத்தில் ஒரு நெல்லிக்காய் கொள்ளும், அவ்வளவுதான். அந்த உம்மா அதைப் பார்த்து அழுதது போல, வேறு எதையும் பார்த்து ஒருவர் அழுததை நான் கண்டதில்லை.

மாதத்தின் கடைசி நாள். பள்ளிக்கூட வேலியோரம் முழுக்க ஆட்கள், முன்வரிசையில் ஹாஜியார். வகுப்பு வாசலில் தலைமை ஆசிரியர் இடாப்பை விரித்து வைத்துக்கொண்டு நின்றார். நஸீறா உள்ளே கால் வைத்தாள். தடி புதையவில்லை. நடு முற்றத்தில் ஒரு தரம் நின்றாள், கால் நடுங்கியது. உம்மா பாய்ந்தா. "தொட வேணாம்!" என்று சேர் போட்ட சத்தத்தில் காகங்கள் எழும்பின. பிள்ளை குதிக்காலை அழுத்தினாள். நடந்தாள். வகுப்புக்குள் போய்க் கதிரையில் குந்தினாள்.

"பேரென்ன மகள்?" என்று கேட்டார் தலைமை ஆசிரியர்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. வாசலில் நின்ற சேரைப் பார்த்தாள். "சேர், என்னைத் தெரியுமா?"

சேர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "இல்லையே. ஆர் புள்ள நீ?"

"நான்தான் நஸீறா!"

பள்ளிக்கூடம் முழுவதும் கேட்டது. தலைமை ஆசிரியர் எழுதினார். சேர் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். அவளுடைய கால் விறைப்பு போகவில்லை. தடிகளும் போகவில்லை. போகாது என்று சேருக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். குணமாகாத ஒருவரைத் தெரியாது என்று அவர் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

ஆஸ்பத்திரிப் பின்வளவில் மண்ணால் ஒரு நடைபாதை போடக் கூலிக்கு ஆள் எடுத்தார்கள். சேர்தான் சண்டை பிடித்துக் கேட்டாராம். அடுத்த நாள் காலை அந்த வேலையை எடுத்தேன். கடற்கரையில் இருந்து மாட்டுக் கரத்தையில் வந்த மண்ணைக் கூடையில் நிரப்பித் தலையில் சுமந்து போட வேண்டும். ஐந்தாவது கூடையோ ஆறாவது கூடையோ, இரண்டு கைகளாலும் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வந்தேன். சேர் சைக்கிளில் உள்ளே வந்தார். பிரேக் பிடித்து நின்றார். என் வலது கையைக் கீழிருந்து மேல்வரை பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார்.

"ஆர் தம்பி நீங்க? இந்தப் பக்கத்துக்குப் புதுசா?"

"ஓம் சேர், புதுசு" என்றேன், கூடையை இறக்காமல்.