நேத்தைய டோக்கன் செல்லாது

திருவனந்தபுரத்தில் யாரையுமே நம்பாத மனிதர் என்று ஒருவருக்குப் பட்டம் கொடுக்க வேண்டுமென்றால், போட்டியே வைக்காமல் எங்கள் டோக்கன் அண்ணாச்சிக்குக் கொடுத்துவிடலாம். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாலும் "நீரு யாருவே?" என்று விசாரித்துவிட்டுத்தான் சவரம் செய்வார் என்பது எங்கள் அலுவலகத்தின் உறுதியான நம்பிக்கை.

கழக்கூட்டம் பக்கம் ஒரு சின்ன மென்பொருள் அலுவலகம். செயலிகளுக்கு வாசற்கதவு போடுவது அண்ணாச்சியின் வேலை. நாகர்கோவில்காரர். "பேரும் பாஸ்வேர்டும் ஒரு தடவதான் கேக்கணும், கேட்டியா? சரியா இருந்தா ஒரு டோக்கன். பொறவு எது வேணும்னாலும் டோக்கனக் காட்டு. சர்வருக்கு ஒன் மொகம் அறியாண்டாம்" என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுப்பார்.

எடுத்ததோடு விட்டாரா? அவரே சர்வராக வாழ்ந்தார். பக்கத்து நாற்காலிக்காரன் நான். என்னையே தினமும் காலையில் கதவை மறித்து நிறுத்துவார்.

"கார்டு எங்கலே?"

"அண்ணாச்சி, நேத்து ஒண்ணாத்தான பழம்பொரி தின்னோம்?"

"அது நேத்தைய டோக்கன். செல்லாது."

இப்படியிருக்கையில் சாலை பஜாரிலிருந்து ஓர் அரிசி மொத்த வியாபாரி வந்தார். சில்லறைக் கடைக்காரர்கள் ஃபோனிலேயே ஆர்டர் போட ஒரு செயலி வேண்டும். அவருக்குப் பிடித்தால் எங்களுக்கு அலுவலகம் உண்டு. இல்லையென்றால் அடுத்த மாதம் பூட்டு. மேனேஜர் இதை ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார்.

செய்துகாட்ட மேனேஜர், அண்ணாச்சி, நான் மூவரும் அவர் கடைக்கே போனோம். அரிசிக்கடை முதலாளி, ஒரு சில்லறைக் கடைக்காரர்போலப் பாஸ்வேர்டு போட்டு உள்ளே நுழைந்தார். அண்ணாச்சி வைத்திருந்த டோக்கனுக்கு ஆயுசு பத்து நிமிடம். ஆனால் சாலை பஜாரில், வந்தவருக்குச் சாயா கொடுத்து, ஊர் விசாரித்து, ஒரு சொந்தம் கண்டுபிடிக்காமல் எந்த வியாபாரமும் தொடங்காது. அண்ணாச்சியின் சித்தி வாழ்க்கைப்பட்ட ஊர்தான் தன் மாமனார் ஊர் என்று தெரிந்த சந்தோஷத்தோடு முதலாளி ஆர்டர் பொத்தானை அமுக்கினார். 'மீண்டும் உள்நுழைக' என்றது ஃபோன். மறுபடி பாஸ்வேர்டு, மறுபடி சாயா, சித்தி மகள் கல்யாணம். மறுபடி அதே பதில்.

"எங் கடையில வச்சு என்னையே ஆருன்னு கேக்குதா இது?" முதலாளியின் முகம் சிவந்தது.

மேனேஜர் என் காதைக் கடித்தார். "அண்ணாச்சி கேக்க மாட்டாரு. நீ தன்னெ டோக்கன் ஆயுச ஒரு வருஷமாக்கிடு."

"வேண்டாம் சார். ஒரு கடைக்காரர் ஃபோன் தொலஞ்சா, எடுத்தவன் வருஷம் பூரா அவர் பேர்ல அரிசி வாங்குவான். அண்ணாச்சி செஞ்சதுதான் சரி." சொன்னது நான்தான். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

அதைக் கேட்ட அண்ணாச்சி அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து, மடிக்கணினியைத் திறந்து, கடை சாப்பாட்டுக்கு அடைப்பதற்குள் இரண்டாவதாக, ஆயுசு கூடிய பெரிய டோக்கன் ஒன்று செய்துவிட்டார். சின்னது காலாவதியானால் பெரியது சத்தம் காட்டாமல் புதிதாக ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளும். ஃபோன் தொலைந்தால் பெரியதை ரத்து செய்துவிடலாம். முதலாளி இன்னொரு சாயாவை நிதானமாகக் குடித்து, சித்தியின் பேரன்வரை விசாரித்துவிட்டு அமுக்கினார். ஆர்டர் போனது.

"கொள்ளாமே, நல்லா இருக்கே!" என்றார். அலுவலகம் பிழைத்தது.

திரும்பி வந்து கதவருகில் பையைத் துழாவினேன். கார்டைக் காணோம், கடையில் எங்கோ விழுந்திருக்க வேண்டும். முன்னால் போன அண்ணாச்சி வழக்கம்போல மறித்துக்கொண்டு திரும்பினார். வெறுங்கையைக் காட்டினேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

"உள்ள கேறி வாலே."

இப்போது நான் வேறோர் அலுவலகத்தில் இருக்கிறேன். விரலை வைத்தால் கதவு திறந்துகொள்கிறது. இருந்தும் தினமும் காலையில் அங்கே கொஞ்சம் நிற்கிறேன், யாராவது மறிக்க மாட்டார்களா என்று.